கனடாவில் காருக்குக் குளிர்கால டயர் வாங்கும் முறை

வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். சாலையில் பனி கிடக்க வேண்டும் என்றுகூட இல்லை. நவம்பர் மாதத்து ஈரச் சாலையே போதும். இறுகிய ரப்பர் சாலையின் சொரசொரப்புக்குள் பதியாது. பிரேக்கை மிதித்தாலும் கார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். குளிர்கால டயரில் கலவையே வேறு. சிலிக்கா கூடுதலாகச் சேர்ந்த அந்த ரப்பர் கடுங்குளிரிலும் வளைந்துகொடுக்கும். அதன் பட்டன் ஒவ்வொன்றிலும் நெளிநெளியாக மெல்லிய கீறல்கள் ஓடும். டயர் உருளும்போது கீறல்கள் திறந்து மூடிப் பனியைக் கவ்வுகின்றன. ஐஸ் மேல் படிந்திருக்கும் நீர்ப்படலத்தை உறிஞ்சி விலக்குகின்றன. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் கார் என்றால் இந்த டயர் வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த வசதி கார் கிளம்ப உதவும். நிறுத்தவும் திருப்பவும் டயரைத் தவிர வேறு துணை இல்லை.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல் கட்டாயம். சாலையைப் பொறுத்து மார்ச் 31 அல்லது ஏப்ரல் 30 வரை நீடிக்கும். ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரியிலிருந்து அங்குள்ள கார் காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் குளிர்கால டயருக்குக் கழிவு தந்தாக வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், எனவே டயர் மாட்டிய ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

கடையில் முதலில் தேட வேண்டியது டயரின் பக்கச்சுவரில் உள்ள சின்னம்: மூன்று முகடுள்ள மலை, அதனுள்ளே ஒரு பனித்துகள். இது 1999இல் வந்தது. இறுகிய பனியில் நடத்தும் சோதனையில் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல் இழுவை காட்டும் டயருக்கே இந்தச் சின்னம் கிடைக்கும். பக்கத்திலேயே ‘எம்+எஸ்’ என்ற எழுத்துகளும் இருக்கலாம். அவற்றை நம்பி வாங்கக் கூடாது. பட்டனுக்கு இடையிலான பள்ளங்களின் வடிவத்தைப் பார்த்துத் தயாரிப்பாளர் பொறிக்கும் குறி அது. பனியில் எந்தச் சோதனையும் அதற்குத் தேவையில்லை. ‘ஆல் சீசன்’ டயர்களில் பெரும்பாலானவற்றில் எம்+எஸ் இருக்கும், மலைச் சின்னம் இருக்காது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 3.5 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் எம்+எஸ் டயரும் சட்டத்துக்குப் போதும். கியூபெக்கில் 2014 டிசம்பர் முதல் மலைச் சின்னமோ ஆணியோ இல்லாத டயர் செல்லாது.

மலைச் சின்னம் நுழைவுத் தகுதி மட்டுமே. ஐஸில் டயர் எப்படி நிற்கும் என்பதை அந்தச் சோதனை அளப்பதில்லை. ஆகவே சின்னம் உள்ள டயர்களுக்குள் எந்த வகை என்பதைக் கார் ஓடும் சாலையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். ஸ்கார்பரோவில் வீடு, மிசிசாகாவில் வேலை, நடுவில் 401 நெடுஞ்சாலை என்று ஓடுபவர் பெரும்பாலும் சந்திப்பது உப்புப் போட்டு உருகிய ஈரச் சாலையும் சேறான பனியும்தான். மொன்றியலின் குடியிருப்புத் தெருக்களிலும் சட்பரியிலும் பனி இறுகி ஐஸாகிக் கிடக்கும். அங்கே நோர்டிக் வகை எனப்படும் மிக மென்மையான டயர் வேண்டும். பக்கச்சுவரின் அளவு வரிசையில் கடைசி எழுத்து கியூ, ஆர், டி என இருந்தால் பெரும்பாலும் இந்த வகை. அதே இடத்தில் எச், வி இருந்தால் 401 போன்ற வேகச் சாலைக்காகச் சற்று இறுக்கமாகச் செய்த டயர். ஈரத்திலும் காய்ந்த சாலையிலும் அது துல்லியமாகத் திரும்பும், ஐஸில் நோர்டிக் டயருக்கு ஈடாகாது. எச் பொறித்த டயரோடு வந்த காருக்கு டி பொறித்ததை வாங்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும். கனடாவின் குளிர்காலத்துக்கு அது தாராளம்.

ஆணி பதித்த டயர் பூச்சிய டிகிரிக்கு அருகில் உருகி வழுக்கும் ஐஸில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும். வெறும் சாலையில் இரைச்சலும் அதிகம், பிடிப்பும் குறைவு. தெற்கு ஒண்டாரியோவில் வசிப்பவர்கள் அதைப் பயன்படுத்த அனுமதியும் இல்லை. ‘ஆல் வெதர்’ என்று விற்பனையாகும் டயர் ‘ஆல் சீசன்’ இல்லை. மலைச் சின்னம் பெற்றது, ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓட்டலாம். டொராண்டோ அடுக்குமாடியில் டயர் வைக்க இடமில்லாமல், வாரத்தில் ஓரிரு நாள் நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு அது பொருந்தும். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவரும் வடக்கே போகிறவரும் அதைத் தொடக் கூடாது.

அடுத்தது அளவு. பெரும்பாலோர் தடுமாறுவதும் வீணாகப் பணம் கொடுப்பதும் இங்கேதான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 225/45 ஆர்17 91எச் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோகிராம் தாங்கும் என்று பொருள்.

கடைக்காரர் இதே அளவைத்தான் எடுத்துக் கொடுப்பார். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. டயரின் மொத்த உயரம் மாறாமல் ரிம்மைச் சிறிதாக்கி, டயரைக் குறுகலாக்க வேண்டும். கணக்கு எளிது. 225இல் 45 விழுக்காடு ஏறக்குறைய 101 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 202. அதனுடன் 17 அங்குல ரிம்மின் 432 மில்லிமீட்டரைக் கூட்டினால் 634. இதே முறையில் 205/55 ஆர்16 டயரைக் கணக்கிட்டால் 632 வரும். 195/65 ஆர்15 மறுபடியும் 634 தரும். மூன்றும் ஒரே உயரம் என்றே சொல்லலாம். வேகமானி பிசகாது, சக்கர வளைவில் உரசாது. வித்தியாசம் 3 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும்.

குறுகலான டயர் ஏன் மேல்? காரின் எடை சிறிய அகலத்தில் இறங்குவதால் அது பனியையும் சேற்றையும் வெட்டிக்கொண்டு கீழே உள்ள சாலையைத் தொடும். அகலமான டயர் அவற்றின் மேல் மிதக்கும். உயரமான பக்கச்சுவர் இருப்பதால் மார்ச் மாதக் குழிகளில் விழும்போது ரிம்மும் தப்பும். விலையும் குறைவு: 15, 16 அங்குல டயர்கள் பொதுவாக 17, 18ஐவிட மலிவு. கோடையில் அழகுக்காகப் போட்ட அகலமான டயரின் அளவையே குளிர்காலத்துக்கும் வாங்குவது இரட்டை நட்டம்.

ஒரு தடை உண்டு. சிறிய ரிம்முக்குள் பிரேக் காலிப்பர் அடங்க வேண்டும். காரின் கையேட்டில் அதே மாடலின் அடிப்படை வகைக்கு எந்த அளவு ரிம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பெரிய பிரேக் கொண்ட உயர்வகைக் கார் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிக்காட்டச் சொல்ல வேண்டும். சுமைக் குறியீடு மட்டும் ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே போகவே கூடாது. எடை மிகுந்த மின்சாரக் கார்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ரிம்மைத் தனியாக வாங்குவது நல்லது. டயரை மட்டும் வாங்கினால் ஆண்டுக்கு இருமுறை பழைய டயரைப் பிரித்து, புதியதை ஏற்றி, பேலன்ஸ் செய்யக் கூலி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டயரின் விளிம்பு அடிபடும். சாதாரண இரும்பு ரிம் நான்கு வாங்கி அதில் நிரந்தரமாகப் பொருத்தினால், ஜாக்கி வைத்துக் கழற்றி மாட்டும் வேலைதான் மிச்சம். உப்பு தின்பதும் அந்த இரும்பைத்தான், அலாய் வீலை அல்ல. நட்டை மறந்துவிடக் கூடாது. ஹோண்டாவின் சொந்த ரிம்களுக்கு அடி உருண்டையான நட். வெளியில் வாங்கும் ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ நட். மாற்றிப் போட்டால் முறுக்கும்போது இறுகியதுபோலத் தோன்றும், ஓட ஓடத் தளரும். காற்றழுத்தம் காட்டும் சென்சார் கோடைச் சக்கரத்துக்குள் இருக்கும் கார்களில், புதிய ரிம்முக்கும் சென்சார் போடாவிட்டால் எச்சரிக்கை விளக்கு குளிர்காலம் முழுதும் எரிந்துகொண்டிருக்கும்.

நான்கு டயரும் வாங்க வேண்டும். முன்சக்கர இழுவைக் கார்தானே, முன்னால் இரண்டு போதும் என்ற யோசனை ஆபத்தானது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவுப் பாதையில் கார் வருகிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். எடை முன்பக்கம் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிறது. முன் டயர்கள் பிடிக்கின்றன, இறுகிய பின் டயர்கள் பிடிக்கவில்லை. காரின் பின்பகுதி வெளியே வீசிச் சுழன்றுவிடும். நான்கும் வாங்கக் கையில் பணம் இல்லையென்றால் மலிவான பிராண்டில் மலைச் சின்னம் உள்ள நான்கை வாங்கலாம். விலை உயர்ந்த இரண்டை வாங்கக் கூடாது.

வாங்கும் காலம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். முதல் பனி விழுந்த வாரத்தில் போனால் சரியான அளவு தீர்ந்திருக்கும், மாட்டவும் வரிசையில் காத்திருக்க வேண்டும். டயரைக் கையில் எடுத்ததும் ‘டாட்’ என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 3824 என்றால் 2024ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் செய்தது. முழு எண் ஒரு பக்கச்சுவரில் மட்டும் இருக்கும். தெரியாவிட்டால் மறுபக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். புது டயர் என்று விற்பது இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் வேண்டாம்.

பழைய டயர் வாங்குவோர் ஆழமானி கொண்டு பட்டனை அளந்தே பேச வேண்டும். புதிதில் ஏறக்குறைய 8 முதல் 9 மில்லிமீட்டர் இருக்கும். 4க்கு வந்துவிட்டால் பனியைத் தள்ள இடமில்லை; பார்வைக்கு நல்ல டயராகத் தெரிந்தாலும் அதன் குளிர்காலம் முடிந்துவிட்டது. ஆறு ஆண்டு தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும், விட்டுவிடுவதே சரி. ரப்பர் அதற்குள் இறுகியிருக்கும்.

சட்டம் குறித்த நாளைத் தவிர, மாட்டும் நாள் நாட்காட்டியில் இல்லை. பகலிலும் வெப்பநிலை 7 டிகிரியைத் தாண்டாத வாரம் வந்ததும் மாட்டிவிடலாம். பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் கார் முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுழலும் திசையை அது காட்ட வேண்டும். நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, டார்க் ரென்சில் கையேட்டின் அளவுக்கு முடித்து, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும். காற்றை வெதுவெதுப்பான கராஜுக்குள் பார்ப்பது பயனற்றது. 20 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ வைத்த டயர் வெளியே மைனஸ் 15இல் ஐந்தாறு பி.எஸ்.ஐ இழந்திருக்கும். இரவெல்லாம் வெளியில் நின்ற காரில், காலையில் கிளம்புமுன் அளந்து, கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்ப வேண்டும். டயரின் அளவை மாற்றியிருந்தால் அந்த அளவுக்குரிய அழுத்தத்தை டயர் கடையில் கேட்டுக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை இப்படிக் காற்றை அளப்பது போதும்.

ஏப்ரலில் 7 டிகிரிக்கு மேல் நிலையாக நின்று, சட்டம் கட்டாயமாக்கிய காலமும் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மென்மையான ரப்பர் வெயில் சாலையில் வேகமாகத் தேயும், பிரேக் தூரமும் கூடும். கழற்றும்போது எந்தச் சக்கரம் எந்த மூலையில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி, உப்பைக் கழுவிக் காயவைத்து, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ரிம்மோடு இருப்பவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம். ரிம் இல்லாத டயரை நிமிர்த்தி நிறுத்தி, மாதம் ஒருமுறை சற்று உருட்டி வைக்க வேண்டும். அடுத்த இலையுதிர்காலத்தில் மாட்டும்போது முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றினால் நான்கும் சமமாகத் தேயும்.