பிளான் போடுபவர் யார்? – ஆர்க்கிடெக்ட் பதிவுச் சட்டமும் நமது கடைக் கட்டடமும்



சரக்குக் கொள்முதலில் நமக்கு இணை யாருமில்லை. பருப்பு மூட்டை வந்தால் குத்தூசி போட்டு எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பிறகே லாரியிலிருந்து இறக்க விடுகிறோம். தராசில் இந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா, பில்லில் ஜி.எஸ்.டி. எண் சரியா என்று பார்க்கிறோம். ஆனால் ஆயுளில் ஒருமுறை கட்டுகிற கடைக்கும் குடோனுக்கும் பிளான் போட வருகிறவரிடம், "உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

இந்தக் கேள்வி எனக்கே தோன்றியதல்ல. வன்னியம்பட்டி விலக்கை ஒட்டிச் சொந்த இடத்தில் கீழே கடையும் மேலே சரக்கு வைக்க ஒரு மாடியும் கட்ட முடிவு செய்த மளிகை வியாபாரி ஒருவர், சில மாதங்களுக்கு முன் வரைபடச் சுருளோடு என் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, இவர் ஆர்க்கிடெக்டா, என்ஜினீயரா? பாங்கில் கடன் கேட்டால் பிளானில் கையெழுத்துப் போட்டவரின் பதிவு எண் எங்கே என்று கேட்கிறார்கள்" என்றார். விசிட்டிங் கார்டில் "ஆர்க்கிடெக்ட்ஸ் அண்ட் பில்டர்ஸ்" என்று தங்க எழுத்தில் இருந்தது. வரைபடத்தில் கையெழுத்து இருந்தது, எண் இல்லை. அட்வான்சாகப் பாதிப் பணம் போய்விட்டது. விசாரித்ததில் அவர் சிவில் டிப்ளமோ படித்தவர் என்று தெரிந்தது. "பிளான் போடுகிறவருக்குப் பெயர் ஆர்க்கிடெக்ட்தானே, அதனால் போட்டேன்" என்று அவர் வெள்ளையாகவே சொன்னார். ஏமாற்றுகிற ஆளாக அவர் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைத்தான் சட்டம் பூட்டி வைத்திருக்கிறது.

ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் 1972-ல் பாராளுமன்றத்தில் நிறைவேறி, அந்த ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி டில்லியில் கட்டடக்கலை கவுன்சில் என்ற அமைப்பு ஏற்பட்டது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஐந்தாண்டு பி.ஆர்க். படித்துத் தேறியவர், அல்லது சட்டம் ஏற்கும் வேறு தகுதி உடையவர், இந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற்ற வேண்டும். பதிவேட்டில் பெயர் இருக்கும்வரைதான் அவர் ஆர்க்கிடெக்ட். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டால் பெயரை நீக்கிவிடலாம். பதிவு எண் "சி.ஏ." என்று தொடங்கி, பதிவான ஆண்டு, வரிசை எண் என்று வரும். (சி.ஏ. என்றதும் நம் ஆடிட்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்தோ எண்ணைக் கொடுத்தோ யாரும் தேடிப் பார்க்கலாம். ஜி.எஸ்.டி. எண் சரிபார்ப்பது போலத்தான். கடைப்பையன் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான்.

பதிவு இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் என்ன? சட்டத்தின் 37-ஆம் பிரிவு முதல் முறைக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்றும், மறுபடியும் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றும் எழுதியது. 1972-ல் 500 ரூபாய் பெரிய தொகை. இன்று அந்தப் பணத்துக்கு ஒரு டின் எண்ணெய்கூட வராது. போதாததற்கு, கவுன்சிலோ அது அதிகாரம் கொடுத்தவரோ புகார் செய்தால்தான் நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்கும். பணம் கொடுத்து ஏமாந்த நாம் நேரே போய் இந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது.

இங்கேதான் பலருக்குக் குழப்பம். பதிவு இல்லாதவர் பிளானே போடக் கூடாதா? போடலாம். சட்டம் தடுப்பது பெயரை, வேலையை அல்ல. நம் தொழிலிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் யார் வேண்டுமானாலும் உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுத்து அரைத்து விற்கலாம். ஆனால் அக்மார்க் அனுமதி வாங்காமல் பாக்கெட்டில் அக்மார்க் முத்திரை போட முடியாது. ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லும் அப்படி ஒரு முத்திரை. மருந்துக் கடை சமாச்சாரம் வேறு. அங்கே பதிவு பெற்ற பார்மசிஸ்ட் அல்லாதவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதையே 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வக்கீல் தொழிலும் அப்படியே.

மசோதாவைக் கொண்டுவந்தபோதே அரசு இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. என்ஜினீயர்கள் தங்கள் வழக்கமான கட்டட வேலைகளைத் தொடரலாம், ஆர்க்கிடெக்ட் என்று மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதே நோக்கம். இருந்தும் வழக்குகள் ஓயவில்லை. நொய்டா நகர வளர்ச்சி ஆணையத்தில் "அசோசியேட் ஆர்க்கிடெக்ட்" என்ற பதவிக்குப் பதிவில்லாதவரும் உயர்வு பெறலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2020 மார்ச் 17-ல் வந்த தீர்ப்பு, 37-ஆம் பிரிவு பட்டத்தைத்தான் காக்கிறது, வேலையைச் செய்வதைத் தடுக்கவில்லை என்று முடிவாகச் சொன்னது. அந்த வேலைக்குப் பதிவில்லாதவரை வைத்துக்கொள்ளலாம், பதவியின் பெயரை மாற்றுங்கள் என்பது நொய்டாவுக்குக் கிடைத்த உத்தரவு. ஆகவே நமது நண்பரின் டிப்ளமோக்காரர் பிளான் வரைந்ததில் இந்தச் சட்டப்படி குற்றமில்லை. கார்டில் அச்சடித்ததில்தான் குற்றம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை, 192 அடி, எழுப்பிய ஸ்தபதி இன்று உயிரோடு வந்தாலும் கவுன்சிலில் பதியாமல் வாசலில் ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்ட முடியாது. வேடிக்கைதான், ஆனால் சட்டம் அப்படி.

நிறுவனம் என்று வந்தால் இன்னும் கவனம் வேண்டும். பதிவேட்டில் ஏறுவது ஆள், நிறுவனம் அல்ல. ஆர்க்கிடெக்டுகள் சேர்ந்து கூட்டுத்தொழிலாக ஒரு பர்ம் நடத்தலாம். அப்படி நடத்தினால் கூட்டாளிகள் எல்லாரும் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பதே கவுன்சிலின் நிலை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்று ஆர்க்கிடெக்டைச் சம்பளத்துக்கு வைத்திருக்கலாம். அதனால் கம்பெனி ஆர்க்கிடெக்ட் ஆகிவிடாது. "அண்ட் அசோசியேட்ஸ்" என்று பலகை பார்த்தால் அந்த அசோசியேட்ஸ் யார் யார், நம் வேலையில் கையெழுத்துப் போடுகிறவர் எவர் என்று கேட்டு, அவருடைய எண்ணை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பெயருக்குப் பின்னால் ஏ.ஐ.ஐ.ஏ. போன்ற எழுத்துக்கள் இருந்தால் அவர் இந்திய ஆர்க்கிடெக்டுகள் சங்கத்தின் உறுப்பினர் என்று பொருள். நமது சங்கத்தில் உறுப்பினராக இருப்பது வேறு, கடைக்கு லைசென்ஸ் வேறு அல்லவா? கவுன்சில் எண்ணை அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். "இன்டீரியர் டிசைனர்" என்ற பெயருக்கு இப்படி ஒரு சட்டப் பதிவேடே கிடையாது.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள், "அங்கே மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் வேண்டுமாமே" என்று கேட்பார்கள். உண்மை. 1897-ல் இல்லினாய் மாநிலம் முதலில் தொடங்கியது. இப்போது எல்லா மாநிலமும் தனித்தனியே லைசென்ஸ் கொடுக்கிறது. பல மாநிலங்களில் ஆளுக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று என இரண்டு வேண்டும். நம் நாட்டில் ஆர்க்கிடெக்டுக்கு ஒரே மத்தியப் பதிவு. அது காஷ்மீர்வரை செல்லும். மாநில அரசின் பங்கு வேறு இடத்தில் வருகிறது: அனுமதிக்குப் போகும் பிளானில் யார் கையெழுத்துப் போடலாம் என்ற இடத்தில்.

அதைச் சொல்வது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. ஆர்க்கிடெக்ட், பதிவு பெற்ற என்ஜினீயர், ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் என்று தனித்தனியாக வகுத்து, அவரவர் தகுதியையும் பொறுப்பையும் அந்த விதிகள் எழுதி வைத்திருக்கின்றன. என்ஜினீயர் பட்டமோ டிப்ளமோவோ மட்டும் வைத்திருந்தால் போதாது, விதிப்படி பதிவும் இருக்க வேண்டும். சிறிய கட்டடத்துக்கு உள்ளாட்சி அலுவலகம், அளவு மீறினால் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம் என்று மனு போகும் இடம் மாறும். எந்த அளவுக்கு எங்கே என்பதையும், எந்தக் கையெழுத்தை ஏற்பார்கள் என்பதையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று. 2024 ஜூலையில் அரசு தொடங்கிய சுயசான்று முறை, 2500 சதுர அடிக்குள் மனையும் 3500 சதுர அடிக்குள் கட்டடமும் உள்ள வீடுகளுக்கு என்று வந்தது. "கீழே கடை, மேலே வீடு, அதில் போட்டுவிடலாம்" என்று ஒருவர் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

இனி நமது நண்பரின் மாடிக்கு வருவோம். மளிகைக்காரர்கள் கூர்ந்து படிக்க வேண்டிய இடம் இது.

வரைபடத்தில் மேல்மாடிக்கு வீட்டுத் தளத்தின் கணக்கையே போட்டிருந்தார்கள். கட்டடத்தின்மேல் ஏறும் பாரத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு: ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி, 1987. வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. சில்லறைக் கடைக்கு 400 கிலோ. சரக்குக் கிடங்கு என்றால் அட்டியின் உயரம் ஒரு மீட்டருக்கு 240 கிலோ வீதம் கணக்கிட வேண்டும். எப்படியும் 750 கிலோவுக்குக் குறையக் கூடாது. நண்பரையே உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். 26 கிலோ அரிசி மூட்டை (25 கிலோவுக்கு மேல் போனால் வரி இல்லை என்று 2022-க்குப் பிறகு வந்த மூட்டை, இந்தக் கதை உங்களுக்கே தெரியும்). சதுர மீட்டருக்கு ஒரு வரிசையில் மூன்று மூட்டை. பத்து வரிசை அட்டி போட்டால் முப்பது மூட்டை, 780 கிலோ. 200 கிலோவுக்குக் கணக்குப் பார்த்த தளத்தில் அதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு! தீபாவளிக்கு முன் சர்க்கரையும் பருப்பும் சேர்ந்து ஏறும்போது எப்படி இருக்கும்? அதே மாடியில் உப்பு மூட்டையும் வைப்பதாக இருந்தார். கசியும் உப்பு நீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்னும். இதைக் கேட்டதும் நண்பர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கீழே கல்லாவில் உட்காரப் போவது அவருடைய மகன்.

இந்தக் கணக்கைப் போட்டுக் கையெழுத்திட வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர். ஆர்க்கிடெக்டே பிளான் போட்டாலும் இந்தக் கையெழுத்தைத் தனியாகக் கேளுங்கள். அவரிடம் "குடோன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். என்ன சரக்கு, எத்தனை வரிசை, எந்த மூலையில் என்று எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் அவர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். நாளை பேச்சு வந்தால் அந்தத் தாள்தான் பேசும். அனுமதி பெற்றபின் வேலை பாதியில் இருக்க அவர் விலகிக்கொண்டால், அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அடுத்தவர் பொறுப்பேற்றுக் கடிதம் கொடுக்கும்வரை சென்ட்ரிங் வேலையை நிறுத்தி வையுங்கள்.

பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டை வைத்துக்கொள்வதில் ஒரு லாபம் உண்டு. 1989-ல் வந்த தொழில் ஒழுக்க விதிகள் அவரைக் கட்டுப்படுத்துகின்றன. கட்டணத்தையும் நிபந்தனைகளையும் முதலிலேயே நமக்குத் தெரிவிக்க வேண்டும். நமது சம்மதமின்றி வேலையை இன்னொரு ஆர்க்கிடெக்டிடம் தள்ளிவிடக் கூடாது. அறிமுகத்துக்காகக் கமிஷனோ பரிசோ வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. (நமது சங்கத்திலுள்ள சிமெண்ட், பெயிண்ட் வியாபாரிகள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கலாம்.) தவறினால் கவுன்சிலுக்கு எழுதலாம். விசாரித்துக் கண்டிக்கவும், பதிவை நிறுத்தி வைக்கவும், பெயரையே நீக்கவும் அதற்கு அதிகாரம் இருக்கிறது. பதிவில்லாதவரை அது இப்படி விசாரிக்க முடியாது. நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமே என்றால், வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை என்று எதிர்த் தரப்பு உடனே வாதம் எடுக்கும். கடைசியில் எழுதி வாங்கிய ஒப்பந்தம் ஒன்றே கையில் நிற்கும்.

நண்பர் மறுநாளே டிப்ளமோக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். சண்டை இல்லை. பதிவு பெற்ற என்ஜினீயர் ஒருவர் பிளானை எடுத்துக்கொண்டார். ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் புதுக் கணக்கில் தூண்களையும் பீம்களையும் கனமாக்கினார். கம்பிச் செலவு கூடியதால் மாடியின் பரப்பைக் குறைத்து, அரிசியும் உப்பும் தரைத்தளத்துக்கு, அப்பளமும் சோப்பும் தீப்பெட்டியும் மேலே என்று நண்பர் முடிவு செய்துவிட்டார். கொடுத்த அட்வான்சில் ஒரு பகுதி திரும்ப வந்தது. தங்க எழுத்துக் கார்டு இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. புதுக் கார்டில் "கட்டட வரைபடம், எஸ்டிமேட்" என்று மட்டும் போட்டிருப்பதாகக் கேள்வி.