முட்டைக்குச் சாயம் போட வரும் பிள்ளைகளுக்கு

உயிர்த்த ஞாயிறுக்கு முட்டை நிறமூட்டப் பழக்கிவிடச் சொல்லி வரும் பிள்ளைகளுக்கு நான் வழமையாகச் சொல்வதுதான் இது. நிறத்தூள் பக்கெட்டை வாங்க வேண்டாம். குசினியிலும் வேலியிலும் இருப்பதே போதும்.

1. தவக்காலம் தொடங்கும்போதே வெங்காயச் சருகு சேர்க்கத் தொடங்குங்கள். சந்தைக் கடைகளில் சாக்கின் அடியில் கிடப்பதைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசிப் பையில் வையுங்கள்.

2. மஞ்சளும் நீலமும் வேண்டுமானால் வெள்ளை முட்டை. சிவப்பு முட்டையில் அவை எடுபடாது. ஆனால் வெங்காயச் சருகுக்குச் சிவப்பு முட்டைதான் அழகு, நல்ல கருஞ்சிவப்பு வரும். எந்த முட்டையானாலும் எண்ணெய்க் கை படக்கூடாது. பட்ட இடம் வெளிறிப் போகும்.

3. எங்கள் மன்னார்த் தீவில் பல கிணறுகளில் உவர், சுண்ணாம்பு. அந்தத் தண்ணீரில் வினாகிரியின் புளிப்புச் செத்துப்போகும், நிறம் ஓட்டில் ஏறாது. குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரையே எடுங்கள். ஒரு கோப்பைச் சாயத்துக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி. முட்டையைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் ஏறினால் பயப்படாதீர்கள், புளிப்பு ஓட்டைத் தொடுகிறது என்று அர்த்தம். அளவு மீறினால் ஓடே கரைந்து சொரசொரக்கும்.

4. இரண்டு கைப்பிடி சருகுக்கு நாலு கோப்பைத் தண்ணீர், அரை மணித்தியாலம் அவியட்டும். வடித்து, ஆறவிட்டு, அவித்த முட்டையை இறக்குங்கள். சருகோடு சேர்த்து முட்டையை அவிப்பவர்களும் உண்டு. கிரேக்க நாட்டில் பெரிய வியாழனன்று சிவப்பு முட்டைக்கு அப்படியும் செய்வார்கள். மஞ்சள்தூள் சீக்கிரம் பிடிக்கும், வெயிலில் சீக்கிரம் வெளிறும். பீட்ரூட்டை நம்பாதீர்கள்: சட்டியில் இரத்தம்போல் இருக்கும், முட்டையில் மங்கிய ரோசாதான்.

எனக்குப் பிடித்தது சங்குப்பூ. வினாகிரி விட்டதும் நீலத் தண்ணீர் ஊதாவாகும். பிழைத்துவிட்டதென்று ஊற்றிவிடாதீர்கள். ஓடு சுண்ணாம்பு, அது புளிப்பை முறிக்க, முட்டையில் நீலம்தான் நிற்கும். வெளிர் நிறம் போதுமென்றால் ஒரு மணித்தியாலம். ஆழமான நீலத்துக்கு ஓர் இரவு, அதுவும் பிரிட்ஜுக்குள்.

5. பூ வரையத் தெரியாதவர்களுக்கு இலை இருக்கிறது. கொத்தமல்லி, முருங்கை, புளியங்கொழுந்து எல்லாம் நல்லது. இலையைத் தண்ணீரில் நனைத்து ஓட்டில் ஒட்டுங்கள். பழைய நைலோன் காலுறைத் துண்டால் சுற்றி, பின்பக்கம் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். காம்பு தூக்கிக்கொண்டு நின்றால் அடியில் சாயம் புகுந்துவிடும், விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். சாயத்திலிருந்து எடுத்த பிறகு முழுக்கக் காய விட்டே இலையை உரியுங்கள். ஈரத்தில் தேய்த்தால் நிறம் தோலாகக் கழன்று வரும். இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் இலை வேலையே கொடுப்பதில்லை.

6. சாயவேரைப் பற்றிக் கேட்பீர்கள். போர்த்துக்கேயர் காலத்திலும், 1658இல் மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தர் காலத்திலும் இந்தக் கரை மணலில் தோண்டிய வேர் துணிக்குச் சிவப்புப் போடப் போனது. சிப்பித்தூள் கலந்த மண்ணில் விளைந்த வேருக்குத் தனி மதிப்பு. சுண்ணாம்பு சேர்ந்தால்தான் அந்தச் சிவப்பு துலங்கும். வேரில் இருக்கும் அலிசரினை 1868இல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்தார்கள், தோண்டினவர்களின் பிழைப்பும் தேய்ந்தது. முட்டைக்காக அந்தச் செடியைத் தேடிப் பிடுங்கப் போகாதீர்கள். வேரை எடுத்தால் செடி போயிற்று. வெங்காயச் சருகுக்கு அந்தப் பாவம் இல்லை.

7. சித்திரை வெக்கையில் அவித்த முட்டையை மேசையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைத்தால் தின்னக் கொடுக்க வேண்டாம். பிரிட்ஜில் ஒரு கிழமை நிற்கும். அலங்காரமாக நெடுநாள் வைப்பதென்றால் இரண்டு பக்கமும் ஊசியால் துளைத்து, உள்ளே இருப்பதை ஊதி எடுத்துக் கழுவிக் காயவைத்த ஓட்டுக்கு நிறம் போடுங்கள்; ஊதி எடுத்ததைப் பொரித்துவிடலாம். அவிக்கும்போது வெடித்தவை எப்படியும் இரண்டொன்று இருக்கும், அவற்றில் சாயம் உள்ளே ஓடி வெள்ளைக்கரு கோடுகோடாக நிறம் பிடிக்கும். வெங்காயமும் மஞ்சளும்தானே, அன்றைக்கே சொதியில் போடுங்கள்.