கேட்டதை எல்லாம் நம்பலாமா?



"ஆம்பளைங்க குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சுக்கிட்டா தெம்பு போயிருமாமுங்க. பண்டல் தூக்க முடியாதாமுங்க." வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனியிலும் டீக்கடையிலும் இப்படிப் பேசக் கேட்டிருப்பீர்கள். இது உண்மையா, வெறும் நம்பிக்கையா? மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. சொன்னவர் கண்டாரா, கேட்டாரா?
"யாரோ சொன்னாங்க" என்றால், அந்த யாரோ யார்? ஆபரேஷன் செய்துகொண்டவரிடமே விசாரியுங்கள்.

2. அதனால் வந்ததா, அதற்குப் பின் வந்ததா?
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை தெரியுமல்லவா? ஒன்றரை ஷிப்டு நின்று வேலை பார்ப்பவருக்கு ஆபரேஷன் இல்லாமலே இடுப்பு வலிக்கிறதே! செய்தவர், செய்யாதவர் இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

3. உடம்புக்குள் நடப்பது என்ன?
விந்தணு வரும் இரண்டு மெல்லிய குழாய்கள் மட்டுமே அடைக்கப்படுகின்றன. ஆண்மைக்கான ஹார்மோன் அந்தக் குழாயில் போவதில்லை. விதையிலிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஆகவே தெம்பும் ஆசையும் குறைவதில்லை. ஒரு வாரம் மட்டும் பளு தூக்காமலும் சைக்கிள் ஓட்டாமலும் இருந்தால் போதும்.

சந்தேகம் வேண்டாம்
"ஆபரேஷன் செஞ்சும் சம்சாரம் முழுகாம இருக்காளே!" என்று சிலர் மனைவியைச் சந்தேகிப்பார்கள். அவசரப்படாதீர்கள். குழாயில் ஏற்கெனவே தங்கிய விந்தணுக்கள் தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை நிரோத் போன்ற உறை அவசியம். பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிசெய்ய வேண்டும். அபூர்வமாகக் குழாய் தானே சேர்ந்துகொள்வதும் உண்டு. பழி சொல்லுமுன் பரிசோதனை செய்யுங்கள்.

பயத்துக்கும் காரணம் உண்டு
1975–77 நெருக்கடி நிலைக் காலத்தில் வட மாநிலங்களில் பலருக்குக் கட்டாயமாக இந்த ஆபரேஷன் செய்யப்பட்டது. அது உண்மை, அது தவறு. அதற்காக ஆபரேஷன் தெம்பைக் கெடுக்கும் என்று ஆகிவிடாது.

இந்த வீண் பயத்தின் பாரம் பெண்கள் மேல் விழுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 1,000 தம்பதியரில் 379 பேரில் மனைவியும், 3 பேரில் மட்டுமே கணவனும் ஆபரேஷன் செய்திருந்தனர். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்குத் தழும்பே தெரியாத சிறு துளை போதும், அன்றே வீடு திரும்பலாம்.

இது நிரந்தர முறை. ஆகவே இருவரும் கலந்து பேசி, சந்தேகங்களை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேளுங்கள். முடிவு உங்களுடையது.

தீர விசாரிப்போம்! தெரிந்து முடிவெடுப்போம்!