மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்



நம் தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டுச் சலாபத்தோடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. அக்காலத்தில் முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். துளை அளவில் சிறு வித்தியாசம் இருந்தாலும் விலை மாறிவிடும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தும், கடைக் கம்ப்யூட்டர் விஷயத்தில் அளவை மறந்து நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறோம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது முதல் பில் போடும் கம்ப்யூட்டர் நமக்குத் தராசு போல ஆகிவிட்டது. ஒரு பொங்கல் வாரம், வெல்லமும் பச்சரிசியும் ஏற்ற வண்டிகள் வாசலில் நிற்கையில், எங்கள் கம்ப்யூட்டரின் போர்டு போய்விட்டது. புது போர்டும் பிராசஸரும் வாங்கினோம். ஹீட்சிங்க்கும் ஃபேனும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று பழையதையே மாட்டச் சொன்னோம். சில நூறு ரூபாய் மிச்சம் என்ற எண்ணம்.

"அண்ணாச்சி, ஓட்டை சேரலை" என்றான் மெக்கானிக் பையன். "எப்படியாவது இறுக்கிக் கட்டுப்பா" என்றது நாங்கள்தான். பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினான். ஐந்தாறு பில் ஓடியது. கம்ப்யூட்டர் தானே அணைந்தது. திரும்பப் போட்டால் திரும்ப அணைந்தது. அரை நாள் கையால் பில் எழுதினோம். இருபது வருட வாடிக்கையாளர் ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

காரணம் இதுதான். பிராசஸர் வேலை செய்யும்போது சூடாகும். அதன்மேல் அழுந்த உட்காரும் ஹீட்சிங்க் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஃபேன் அதைக் காற்றில் போக்கும். சரியாக அழுந்தாவிட்டால் சூடு ஏறும். வரம்பு மீறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை:

1. சாக்கெட் எண்: இன்டெல்லில் 1155, 1150, 1151, 1200 ஆகிய சாக்கெட்டுகளுக்குத் துளை இடைவெளி 75 மி.மீ. 2021-இல் வந்த 1700-க்கு 78 மி.மீ.; பிராசஸரின் மேற்பரப்பும் சற்றுத் தாழ்வு. எங்களைக் கவிழ்த்தது இந்த 3 மி.மீ.தான். ஏ.எம்.டி.யில் ஏ.எம்.4-க்கும் 2022-இல் வந்த ஏ.எம்.5-க்கும் இடைவெளி ஒன்றே. ஆனால் ஏ.எம்.5 போர்டின் அடித்தகடு கழற்ற வராது. வேறு அடித்தகடு கேட்கும் ஹீட்சிங்க் அதில் சேராது.

2. ஃபேன் அளவு: 80, 92, 120 மி.மீ. என வரும். 92-க்குத் திருகுத் துளை இடைவெளி 82.5 மி.மீ., 120-க்கு 105 மி.மீ. ஒன்றுக்கு மற்றொன்று உதவாது.

3. வயர்: மூன்று பின் ஃபேன் நான்கு பின் இணைப்பிலும் ஓடும். ஆனால் சூட்டுக்கேற்ப வேகம் மாறுவது எல்லாப் போர்டுகளிலும் நடக்காது.

4. உயரம்: உயர்ந்த ஹீட்சிங்க் வாங்கினால் பெட்டி மூடாமல் போகலாம், பக்கத்திலுள்ள ராமிலும் இடிக்கலாம்.

5. பேஸ்ட்: கழற்றி மாட்டும்போதெல்லாம் பழையதைத் துடைத்துவிட்டு, பச்சைப் பயறளவு புதிதாக வைக்க வேண்டும்.

நம் ஊர் உப்புக் காற்றோடு மிளகாய்த் தூசியும் மாவுத் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்கை அடைத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஊதிச் சுத்தம் செய்வது நல்லது.

ஆகவே வாங்கப் போகும்போது போர்டின் பெயர், சாக்கெட் எண், பெட்டியின் உள் அகலம் இவற்றைச் சீட்டில் குறித்து, பழைய ஃபேனையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். நாங்கள் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். கைவிட்டுப் போனது இருபது வருட வாடிக்கை. விற்கும்போது அளந்து கொடுக்கும் நாம், வாங்கும்போதும் அளந்து வாங்குவோம்.