அட்டவணையின் அடிப்பகுதி

ஆனி மாத உற்சவ காலத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்பாளைத் தரிசிக்க, அடியார்கள் குறிகட்டுவான் துறையிற் படகேறி வருவர். அவர்களுக்கு அன்னமிடும் பணிக்கு அரிசி உதவியோர் பெயரை ஓர் ஏட்டில் வரிவரியாக எழுதி, ஈற்றிற் கோடிழுத்து, அதன்கீழ்க் கூட்டுத்தொகை இடுகின்றோம் என்று கொள்வோம். கோட்டின்கீழ் நிற்பது இன்னுமொரு கொடையாளியின் வரி அன்று. மேல்வரிகள் அனைத்திற்கும் அதுவே முடிபு. இவ்வேறுபாட்டைக் கணினிக்கும் உணர்த்துவதே அட்டவணை அடியின் பணியாகும்.

வலைப்பக்கம் ஆக்கும் எச்.ரி.எம்.எல். மொழியில், 'ரேபிள்' என்னும் குறியினுள் மூவகைப் பிரிவுகள் அமையும். 'ரிஹெட்' என்பது தலை. 'ரிபொடி' என்பது உடல். 'ரிஃபூட்' என்பது அடி. மூவர் முறையே 40, 25, 35 கிலோ அரிசி தந்தால், அம்மூன்று வரிகளும் உடலில் நிற்கும். 100 என்பது அடியில் நிற்கும். பின்னர்ப் பெயரொழுங்கில் உடலின் வரிகளை மாத்திரம் அடுக்கினும், தொகை தன்னிடம் பெயராது.

1997இல் வெளிவந்த அம்மொழியின் நான்காம் பதிப்பு, அடியை உடலுக்கு முன்னரே எழுதுமாறு விதித்தது. நீண்ட அட்டவணையின் வரிகள் யாவும் வந்து சேருமுன்னரே அடியை வரைதற்பொருட்டு எழுந்த விதி அது. முன்னர் எழுதினும், பக்கத்தைத் திறந்து காட்டும் மேலோடி அதனைக் கீழேயே காட்டும். இன்றைய விதிப்படி உடலின் பின் எழுதுதலே முறை.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது, அடி தானாகக் கூட்டாது. நாம் எழுதியதையே காட்டும். 25ஐ 30 எனத் திருத்தி, 100ஐ 105 ஆக்க மறந்தால், திரை பொய்க்கணக்கையே காட்டிநிற்கும். இரண்டாவது, பல தாள்களில் அச்சிடும்போது மேலோடி அடியை ஒவ்வொரு தாளிலும் மீட்டும் பதித்தல் கூடும். அப்போது முழுத்தொகையை அத்தாளின் தொகை என்று வாசகர் மயங்குவர். ஆதலின் 'எல்லாத் தாள்களினதும் தொகை' என்று தெளிவாக எழுதுக. ஈற்றுத்தாளில் மாத்திரம் தொகை வேண்டுமாயின், அதனை ஈற்றில் வேறோர் உடற்பிரிவாக அமைக்க. ஓர் அட்டவணைக்கு உடல்கள் பல இருக்கலாம், அடியோ ஒன்றே.

பொதுப்பணத்தின் கணக்கை இணையத்தில் இடமுனையும் பழைய மாணவர் இதனை நன்கு மனங்கொள்க. கொடுத்தவன் முதலில் நோக்குவது தன் பெயரை. அடுத்து நோக்குவது அடித்தொகையை. அவ்விரண்டும் பொருந்தினாலன்றி நம்பிக்கை நிலையாது.