கடையின் பின்கட்டில் ஒரு நாள்

 

ஆலங்குளம் என்றதும் வெளியூராருக்கு அரசு சிமெண்ட் ஆலைதான் நினைவுக்கு வரும். நம் அன்றாடத் தேவைகளைத் தீர்ப்பதோ சின்னக் கடைகள். இந்த விடுமுறையில் உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரு கடையின் பின்கட்டில் பிள்ளைகளை ஒரு நாள் இருக்கச் செய்யுங்கள்.

1922-ல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலை நேரில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, அச்சுத்தொழிலும் வளர்ந்தது. பார்த்துக் கற்றதால் ஒரு வட்டாரமே பிழைத்தது.

பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை:

1. பேக்கரி: மாவு பிசைவது எத்தனை மணிக்கு? விற்காத பண்டம் என்ன ஆகிறது?

2. தையல் கடை: அளவு தவறினால் நட்டம் யாருக்கு?

3. மளிகைக் கடை: கொள்முதல், வாடகை, கரண்ட் பில், வராத பாக்கி போக மிஞ்சுவது எவ்வளவு? கல்லாவில் உள்ளதெல்லாம் லாபம் அல்ல.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். அடியில் ஈரம் இருந்தது. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். வணிகத்தின் நாணயம் வாடிக்கையாளர் கண்ணில் படாத இடத்தில்தான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: பிள்ளைகள் பார்க்கட்டும், வேலை வாங்க வேண்டாம். 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்துவதும், 18 வயது நிரம்பாதவரை வெடிமருந்துத் தொழிலில் ஈடுபடுத்துவதும் குற்றம். பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்கு அவர்களை அனுப்பவே வேண்டாம்.

இரவு உணவின்போது கேளுங்கள்: “இன்று யாருடைய உழைப்பைப் பார்த்தாய்?” இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை பேரம் பேசுமுன் அந்தப் பிள்ளை யோசிக்கும்.