ஓட்டுத் துண்டுக்குப் பெயர் வைக்குமுன்

தொல்லாமை எலும்புகளைப் படிக்க வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. பக்கக்கழுத்து ஆமையா என்று அறிய முதலில் இடுப்பைத் தேடுங்கள். பக்கக்கழுத்து ஆமை கழுத்தை உள்ளே இழுக்காமல் பக்கவாட்டில் மடிக்கும். ஆனால் கழுத்தெலும்பு நம் கைக்கு வருவது அபூர்வம். இவ்வகையில் இடுப்பெலும்பு மேலோட்டோடும் அடியோட்டோடும் இறுகப் பொருந்தியிருக்கும். இடுப்பு தொலைந்தாலும், அது ஒட்டியிருந்த தழும்பு அடியோட்டின் பின்கோடித் துண்டில், உட்புறத்தில் நிற்கும். அதைப் பார்க்காமல் எந்தத் துண்டையும் பெட்டியில் போடாதீர்கள்.

2. தழும்பு மட்டுமே தீர்ப்பாகாது. ஜெர்மனியின் டிரயாசிக் பாறையில் கிடைத்த புரோட்டெரோகெர்சிஸ் என்ற ஆமைக்கும் இடுப்பு ஓட்டோடு ஒட்டியே இருந்தது. அதனால் வெகுகாலம் அதைப் பக்கக்கழுத்து ஆமையாகவே எண்ணினார்கள். இன்று அதை, இப்போதுள்ள ஆமைக் கிளைகள் பிரிவதற்கும் முந்திய ஆதி ஆமை வரிசையில் வைக்கிறார்கள்.

3. எலும்பும் எலும்பும் சேரும் பொருத்து வேறு. மேலே கிடந்த செதிலின் விளிம்பு பதிந்த பள்ளம் வேறு. படம் வரையும்போது இரண்டையும் ஒரே கோடாகப் போடாதீர்கள்.

4. ஓட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அடியோட்டின் நடுவே, இரு ஓரத்திலும் கூடுதலாக ஒரு சிறு எலும்பு இருந்தால், பக்கக்கழுத்து ஆமைகளில் கெலிடே என்ற குடும்பத்தை அநேகமாக ஒதுக்கிவிடலாம். அதற்கு மேல் போக மண்டையோடு வேண்டும். அழிந்துபோன போத்ரெமிடிடே குடும்பத்தைப் பற்றி காஃப்னி, டாங், மெய்லன் மூவரும் 2006-இல் எழுதிய பெருநூல் பெரும்பாலும் மண்டையோட்டைத்தான் நம்பி நிற்கிறது. நம் அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டு ஆமைக்கு 2001-இல் கூர்மதெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று பெயர் கிடைத்ததும் மண்டையோடு அகப்பட்டதால்தான்.

5. ஓட்டுக்கு ஒரு பெயர், தலைக்கு ஒரு பெயர் என்று வைத்துவிட்டுப் பிறகு முழிப்பது இத்துறையின் பழைய நோய். மும்பை எரிமலைப் பாறைகளுக்கு இடைப்பட்ட படிவில் கிடைத்த ஓட்டுக்கு 1852-இலேயே பெயர் வைத்தாயிற்று. இன்று அதைக் கார்ட்டெரெமிஸ் என்கிறோம். அதே நகரத்துப் படிவிலிருந்து வந்த மண்டையோட்டுக்கு 2003-இல் சங்குகெமிஸ் என்று தனிப்பெயர். இரண்டும் ஒரே விலங்கா? ஓடும் தலையும் ஒன்றாகக் கிடைக்காதவரை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. தென் அமெரிக்காவின் ராட்சத ஆமை ஸ்டுபெண்டெமிஸ் கதை இதைவிடச் சுவையானது. 1976-இல் வெனிசுலாவின் ஓட்டை வைத்து அந்தப் பெயர். 2009-இல் பிரேசிலின் மண்டையோட்டுக்குக் கேனினெமிஸ். புதிதாகக் கிடைத்த ஓடுகளையும் கீழ்த்தாடைகளையும் ஆராய்ந்த 2020 ஆய்வு இரண்டையும் ஒன்றாக்கியது. சில ஓடுகளின் முன்புறம் கொம்பு துருத்தியிருந்தது. அதை வேறு இனம் என்று எழுதத்தான் கை துடிக்கும். ஆய்வாளர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு என்றார்கள். பெயர் சூட்டும் ஆசைக்குப் படியாதவர்கள்!

6. ஆகவே குட்டியா, முதிர்ந்ததா, ஆணா, பெண்ணா என்று கேட்டுவிட்டே வேறுபாட்டை எடைபோடுங்கள். உயிருள்ள ஆமைகளின் எலும்புக்கூடுகளை அருங்காட்சியகத்தில் வரிசையாகப் பாருங்கள்; ஒரே இனத்துக்குள் முதுகு நடுவரிசை எலும்புகளின் எண்ணிக்கைகூட மாறும்.

7. தெரிந்த மட்டத்தில் நிறுத்துங்கள். "போத்ரெமிடிடே, பேரினம் தெரியவில்லை" என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. களத்தில் துண்டைக் கண்டதும் பிடுங்காதீர்கள். எந்தத் துண்டுக்கு அருகில் எது கிடந்தது என்று முதலில் படம் எடுத்து, வரைந்து, எண்ணிட்டு வையுங்கள். ஓட்டையும் தலையையும் பிற்காலத்தில் யாராவது சேர்க்க முடியுமானால், உங்கள் அந்தக் குறிப்பை வைத்துத்தான் சேர்ப்பார்கள்.